கட்டாத ஐந்து தவணை

மாத்தூர், ஒரகடம்
13-04-2025, ஞாயிறு

அன்புள்ள முத்துச்செல்வி அக்காவுக்கு,

பூமாரி எழுதுகிறேன். நீங்களும் அத்தானும் வீட்டில் பெரியவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளை சித்திரை பிறக்கிறது. இது உங்கள் கைக்கு வரும்போது வருஷப் பிறப்பு முடிந்திருக்கும், இருந்தாலும் என் வாழ்த்து.

கடிதமா என்று ஆச்சரியப்படுவீர்கள். ஒரு வாரமாக உங்கள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்றே சொல்கிறது. உங்கள் தம்பி மாரிசெல்வத்தின் நம்பரும் என்னிடம் இல்லை. கடைசியில் பெட்டிக்குள் இருந்த உங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து, அதில் போட்டிருந்த மாப்பிள்ளை வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். உறையில் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதுவேன். தப்பித் தவறி வேறு யாராவது பிரித்திருந்தால், அவர்கள் தயவுசெய்து இந்த வரியோடு நிறுத்தி அக்காவிடம் கொடுத்துவிடட்டும்.

முதலில் நல்ல செய்தி. வங்கித் தேர்வில் தேறிவிட்டேன் அக்கா. கிளார்க் வேலை. பட்டியலில் என் நம்பரை நான்கு தடவை சரிபார்த்தேன். கம்பெனி லைனில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன், அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாதிரித் தேர்வு எழுதும்போது நீங்கள் போனில் நேரம் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பீர்கள். நேரம் முடிந்ததும், "ஏட்டி, மணி அடிச்சாச்சு, பேனாவ கீழ வையி. பரீட்சையில உனக்காவ யாரும் காத்துக் கெடக்க மாட்டான்" என்று கையைத் தட்டி விடுவீர்கள். அந்தத் தட்டுக்குத்தான் இந்த வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் வேலை இன்னும் என் கையில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வங்கி அனுப்பிய தாளில் நிபந்தனைகள் இரண்டு பக்கம். அதில் ஒன்று, வேலையில் சேருகிறவர் பேரில் கடன் பாக்கி இருக்கக் கூடாது, கடன் வரலாறு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது. ஜூலை பதினைந்தாம் தேதி சான்றிதழ்களோடு அதையும் காட்ட வேண்டும். நான் யாரிடம் கடன் வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டு, சும்மா ஒரு திருப்திக்காக, ஒரகடம் கூட்டு ரோட்டில் இருக்கிற டில்லிபாபு அண்ணனின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நாம் ஆதார் திருத்தினோமே, அதே கடை. அவர் அச்செடுத்த கடன் ஸ்கோர் தாளை என்னிடம் தராமல் தானே முதலில் படித்தார்.

"இன்னாம்மா இது, அறுநூத்திப் பதினொண்ணு தான் கீது. எழுநூறு இருந்தா தான் பேங்க்காரன் மூஞ்சியவே பாப்பான். யாருக்குனா போன் கீன் எட்த்துக் குட்த்தியா?" என்றார்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

போன வருஷம் ஜனவரியில் மாரிசெல்வம் பாலிடெக்னிக் சேர்ந்தபோது அவனுக்கு வாங்கினோமே, அந்த போன். நம் அறையில் இருந்தவர்களில் பான் கார்டு இருந்தது எனக்கு மட்டும்தான், காலேஜ் படித்ததால். அதனால் என் பேரில் பன்னிரண்டு தவணை போட்டோம். தவணைத் தகவல் வர வேண்டிய நம்பர் என்று கடைக்காரர் கேட்டபோது உங்கள் நம்பரைக் கொடுத்தோம். மாதாமாதம் சம்பளம் வந்த அன்று ஆயிரத்து எண்ணூறை என் கையில் கொடுப்பீர்கள், ஐந்தாம் தேதி என் கணக்கிலிருந்து கடன் கம்பெனிக்காரன் எடுத்துக்கொள்வான். ஏழு மாதம் ஒரு நாள் கூடத் தவறவில்லை. ஆவணியில் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பும்போது, மீதி ஐந்தையும் பார்த்துக்கொள்வதாகவும் நான் ஒன்றும் நினைக்க வேண்டாம் என்றும் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். எப்படி, யாரிடம் என்று கேட்கவில்லை. பணத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த ஐந்தும் கட்டவில்லை என்று இருக்கிறது அக்கா. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை, ஐந்து கட்டத்திலும் சிவப்பு. அபராதம் எல்லாம் சேர்த்து பதினாலாயிரத்து முந்நூறு.

உங்களைச் சந்தேகப்பட்டு எழுதவில்லை. அந்தச் சொல்லை எழுதியதே தப்பு, ஆனால் இப்போது அடித்தால் இன்னும் மோசமாகத் தெரியும், இருக்கட்டும். கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு கட்டாமல் விட்டிருக்கலாம். கம்பெனிக்காரர்கள் தவறாகப் பதிந்திருக்கலாம். ரசீது ஏதாவது இருந்தால் ஒரு படம் எடுத்து என் நம்பருக்கு அனுப்புங்கள். நம்பர் மாறவில்லை. புது வீட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், உங்களிடம் போன் இருக்கிறதா, கடன் விஷயம் அத்தானுக்குத் தெரியுமா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டு எழுதுவதே உங்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

கம்பெனி வாசலில் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகிறேன். முன்பெல்லாம் எடுக்கும்போது அம்மா கூப்பிட்டிருப்பாளா என்று பார்ப்பேன். இப்போது எந்தப் புது நம்பராவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
பூமாரி


மாத்தூர், ஒரகடம்
27-04-2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

என் முதல் கடிதம் பதினேழாம் தேதி பட்டுவாடா ஆகிவிட்டது என்று தபால் இலாகாவின் இணையத்தில் காட்டுகிறது. யார் கையில் என்று அது சொல்லாது. பத்து நாளாயிற்று. நீங்கள் படித்திருந்தால் பதில் வந்திருக்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. படித்ததால்தான் வரவில்லையோ என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது.

இதற்குள் நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். அதையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும், இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் பெரிய குடை நட்டு, டை கட்டிக்கொண்டு பாண்டுரங்கன் என்று ஒருவர் கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடிக்கிறார். ஷிப்ட் விடும் நேரம் பார்த்துச் சரியாக வந்துவிடுவார். ஸ்கோர் ஏற வேண்டுமானால் கார்டு வாங்கு, ஒழுங்காகக் கட்டு, தானாக ஏறும் என்று லைனில் ஒரு பெண் சொல்லக் கேட்டிருந்தேன். அதனால் குடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன், கேட்கக்கூட இல்லை. அவரே ஆரம்பித்துவிட்டார். "வாங்க மேடம், ஸ்கோரெல்லாம் நாங்க பாக்க மாட்டோம். ஒரு கையெழுத்து, ஒரு செல்ஃபி, ஒரு வாரத்துல கார்டு வூட்டுக்கு வந்துரும்" என்றார். எனக்கு முன்னால் நின்ற பையன் கடனை எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, "முதல்ல வாங்குப்பா, கட்றத அப்பறம் பேசிக்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் திரும்பியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். இரண்டு கார்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டும் நிராகரிக்கப்பட்டன. மறுபடி டில்லிபாபு அண்ணனிடம் போனால் ஸ்கோர் ஐநூற்றுத் தொண்ணூற்றெட்டு. பாக்கி இருக்கும்போது கார்டு கார்டு என்று கேட்டால், காசுக்கு அலைகிறவள் என்று கணக்கில் ஏறிவிடுமாம்.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய், என் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் விசாரித்தேன். புதிய கணக்கு. நீங்கள் போன அடுத்த வாரமே நம் காண்ட்ராக்டர் மாறிவிட்டார், எல்லோருக்கும் வேறு வங்கியில் கணக்குத் திறந்தார்கள். அங்கே ஷெர்லின் என்று ஒரு மேடம். முப்பது வயதிருக்கும். நான் பேசிய சத்தம் எனக்கே கேட்கவில்லை, அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எழுந்து வந்து என் தாளை வாங்கிப் படித்தார். எனக்கும் வங்கியில் வேலை வரப்போகிறது என்று சொன்னதும் உட்கார வைத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கும் புரிகிறது. முதலில் அந்தப் பாக்கியை முடிக்க வேண்டும். வசூல்காரர்கள் பாதிக்கு முடித்துக்கொள்ளலாம் என்பார்கள், ஒப்புக்கொள்ளக் கூடாது. பாதி கட்டினால் பேரம் பேசி முடித்தது என்று பதிவாகும், அந்தத் தழும்பு வருஷக்கணக்கில் போகாது. முழுதும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் கார்டு.

"உன் ரிப்போர்ட்ல கறை மட்டும் தான்ம்மா இருக்கு. நல்லதுன்னு சொல்ல ஒரு வரி கூட இல்ல. அந்த ஒரு வரிக்குத் தான் கார்டு" என்றார்.

எந்தக் கார்டு என்று கேட்டேன். கையெழுத்தும் செல்ஃபியும் கேட்கிற கார்டை விட்டுவிடச் சொன்னார். போனிலேயே உடனே கிடைக்கிற, இப்போது வாங்கி அப்புறம் கட்டு என்கிற ஆப்புகளையும் விடச் சொன்னார், அவை கார்டு மாதிரி தெரிந்தாலும் சின்னச் சின்னக் கடன்கள்தானாம். என்னைப் போன்றவர்களுக்கு இருப்பது ஒன்றுதான். வங்கியில் பதினைந்தாயிரம் வைப்பாகப் போட்டால், அதைப் பிணையாக வைத்துக்கொண்டு பன்னிரண்டாயிரம் வரை செலவு செய்ய ஒரு கார்டு தருவார்கள். ஸ்கோர் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் நம் பணமே அவர்களிடம் இருக்கிறது. மாதம் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு மேல் தொடக் கூடாது. பில்லில் குறைந்தபட்சம் என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள், அதை மட்டும் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் வட்டி தின்றுவிடும். முழுதும் கட்ட வேண்டும், தேதிக்கு முன்பே.

என்னிடம் மொத்தம் முப்பதாயிரம் இருக்கிறது. வேலை கிடைத்தால் எந்த ஊரில் போடுவார்களோ, அங்கே போய் அறை எடுக்கச் சேர்த்தது. பாக்கியைக் கட்டி, வைப்பும் போட்டால் எழுநூறு ரூபாய் மிஞ்சும். அப்படியும் ஜூலைக்குள் எழுநூறைத் தொடுமா என்று கேட்டேன். ஷெர்லின் மேடம் வைப்புக்கான படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

டில்லிபாபு அண்ணன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். அவர் இன்னொரு வழி சொன்னார் அக்கா. அதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும், எழுதாமல் செய்தால் பாவம்.

"நீ ஏன்மா கட்டணும்? போன் உன்னாண்டயா கீது? எனக்குத் தெரியாம என் பான் கார்ட எட்த்துக்கினு போய் இந்தப் பொண்ணு கடன் வாங்கிட்டான்னு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடு. ரசீதை வாங்கி கம்பெனிக்கு அனுப்பு. உன் பேர்லேந்து தூக்கிட்டுப் பூடுவான். ஸ்கோர் ஜம்முனு ஏறும்" என்றார். நான் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தட்டச்சும் செய்துவிட்டார். உங்கள் பெயர், அப்பா பெயர், கல்யாணம் ஆகிப் போன ஊர் எல்லாம் அதில் இருக்கிறது. அவர் கேட்கக் கேட்க நான்தான் சொன்னேன்.

தாள் என் பையில் இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். கூட ஆறு மாத வங்கிக் கணக்கை இணைக்க வேண்டுமாம். வருகிற வெள்ளிக்கிழமை, மே இரண்டு, எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் வங்கிக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு, அப்படியே ஸ்டேஷனுக்குப் போவதாக இருக்கிறது.

அக்கா, நான் ஒன்றும் துணிச்சல்காரி இல்லை. போலீஸ்காரர் எதிரில் வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போகிறவள். ஆனால் இந்த வேலை போய்விட்டால் அடுத்த காண்ட்ராக்டர், அடுத்த காண்ட்ராக்டர் என்று இந்த லைனிலேயே லென்சுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அது போலீசைவிடப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கட்டினேன் என்றாலும் சரி, கட்ட முடியவில்லை என்றாலும் சரி. முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் வேறு வழி பார்க்கிறேன். ஒன்றுமே சொல்லாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பூமாரி


மாத்தூர், ஒரகடம்
08-06-2025, ஞாயிறு

அன்புள்ள முத்துச்செல்வி அக்காவுக்கும், மதிப்பிற்குரிய வனமாமலை அத்தானுக்கும்,

இந்த முறை உறையின் மேல் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். யார் பிரித்தாலும் முழுதும் படியுங்கள்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

மே இரண்டாம் தேதி காலை வங்கிக்குப் போனேன். ஷெர்லின் மேடம் என் கணக்கை அச்செடுத்தார். ஆறு மாதம் கேட்டேன், அவரே கணக்குத் திறந்த நாளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "முந்தாநேத்து பதினாலாயிரத்து முந்நூறு வந்திருக்கே, யாரு இந்த வனமாமலை?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. ஏப்ரல் முப்பது, பதினாலாயிரத்து முந்நூறு. நான் கடிதத்தில் எழுதிய அதே தொகை, ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இல்லை. வனமாமலை என்ற பெயரை நான் எங்கே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போனார். "இவர் உனக்கு முன்னாடியே போட்டிருக்காரேம்மா" என்றார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி. ஒவ்வொன்றும் ஆயிரத்து எண்ணூறு.

அப்போதுதான் பத்திரிகையில் தங்க எழுத்தில் பார்த்த பெயர் ஞாபகம் வந்தது.

அத்தான், நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து, மனைவி பட்ட கடனை, ஐந்தாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டு நான் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன்.

எப்படி இது எனக்குத் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். நான் சொல்வதை நம்புவது கடினம், ஆனால் நடந்தது இதுதான். காண்ட்ராக்டர் மாறியபோது என் போன் நம்பரைப் புதிய கணக்கோடு சேர்த்துவிட்டார்கள், நீங்கள் என் நம்பருக்கு அனுப்பியது அங்கே வந்தது. தவணைக்காரன் எடுக்க வேண்டியது பழைய கணக்கிலிருந்து. அதில் நூறு ரூபாய் கூட இல்லை, அதை நான் மறந்தே போனேன். போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் பணம் வந்தது என்று மட்டும்தான் இருந்தது, யார் போட்டது என்று இல்லை. புது காண்ட்ராக்டர், லீவு போடாமல் வந்தால் சம்பளத்துக்கு வெளியே தனியாக ஊக்கத்தொகை தருவார் என்று பேச்சு இருந்தது. மூன்றாம் தேதி ஆயிரத்து எண்ணூறு வந்ததும் அதுதான் இது என்று நினைத்துவிட்டேன். அந்தப் பணம் போய்விடக் கூடாதே என்று அக்டோபரில் காய்ச்சலோடு ஐந்து நாள் லைனில் நின்றேன். ஜனவரிக்குப் பிறகு நின்றபோது காண்ட்ராக்டர் நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். லைனில் பக்கத்தில் நிற்பவளிடம் உனக்கு வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்த ஒன்பதாயிரத்தில்தான் தேர்வுக் கட்டணமும் மாதிரி வினாத்தாள்களும் வாங்கினேன்.

ஆக, உங்கள் பணத்தில் படித்துத் தேறிவிட்டு, அக்கா பெயரைப் புகாரில் எழுதி, அதில் கையெழுத்தும் போட்டவள் நான்.

நீங்கள் ஏப்ரலில் அனுப்பிய பதினாலாயிரத்து முந்நூறை அன்றே வங்கி வழியாகத் திருப்பி அனுப்பினேன், வந்து சேர்ந்திருக்கும். உங்கள் போன் நம்பரைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தவணை ஒன்பதாயிரம் உங்களுடையது, அதை நீங்கள் எப்போதோ கொடுத்துவிட்டீர்கள். மீதி ஐயாயிரத்து முந்நூறு என் கவனக்குறைவுக்கு அபராதம், அது என்னுடையது. ஒரே வாரத்தில் அவ்வளவு பணம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்கவில்லை. எதையாவது அடகு வைத்திருந்தால் உடனே மீட்டுவிடுங்கள்.

பாக்கியை நானே முழுதும் கட்டினேன். ஷெர்லின் மேடம் சொன்னபடியே வசூல்காரர் எட்டாயிரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். எனக்கு எப்போதும் வராத வார்த்தை, வேண்டாம் என்பது, அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது. மே இருபத்தொன்றாம் தேதி பாக்கி இல்லை என்ற கடிதம் கிடைத்தது. பதினைந்தாயிரத்தை வைப்பில் போட்டேன். அடுத்த வாரம் கார்டு வந்தது. வீட்டுக்கார கங்கம்மாள்தான் உறையை வாங்கி வைத்திருந்தார். "இன்னாடி பொண்ணே, பேங்க்லேந்து வந்து கீது, வேலைல சேரச் சொல்லிட்டானா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

இரண்டு நாள் அதைப் பிரிக்கவில்லை. பிரித்த பிறகும் சுடிதார் மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். மளிகைக் கடையில் எழுநூற்று நாற்பது ரூபாய்க்கு முதல் தடவை அதை நீட்டினேன். மெஷினில் நம்பர் போடும்போது ஒரு தடவை தப்பாகிவிட்டது, பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். ஜூன் ஐந்தாம் தேதி பில் வந்தது. குறைந்தபட்சம் நூறு ரூபாய் கட்டினால் போதும் என்று கீழே இருந்தது. முழுதும் கட்டிவிட்டுத்தான் சாப்பிட்டேன். இப்போது ஸ்கோர் அறுநூற்று முப்பத்துநான்கு. ஜூலை பதினைந்துக்குள் எழுநூறு வராது, அது எனக்குத் தெரிகிறது.

வேலை கொடுக்கும் வங்கியில் விசாரித்தேன். பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பார்த்தார்கள். ஐந்து மாதம் ஏன் தவறியது என்று கைப்பட விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். தோழிக்காக எடுத்தது, அவள் கட்டவில்லை என்று எழுதினால் போதும், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார் அங்கிருந்த ஒருவர்.

நான் வேறு மாதிரி எழுதினேன். அதைக் கணினியில் ஏற்றப் போனபோது டில்லிபாபு அண்ணன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பைத்தியமா நீ? அஞ்சு மாசம் என் கணக்குல வந்த துட்டு யாருதுன்னே எனக்குத் தெரிலன்னு நீயே எழுதிக் குடுத்தா, எவன்மா உன்னக் கொண்டாந்து கேஷ் கவுன்ட்டர்ல உக்கார வெப்பான்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஷெர்லின் மேடமிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

நேற்று முன்தினம் கொடுத்துவிட்டேன். அதன் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். வங்கி முத்திரை போட்டுத் தேதியும் இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஐந்து தவணைக்கான பணமும் முத்துச்செல்வி குடும்பத்தாரிடமிருந்து உரிய தேதிக்கு முன்பே மாதந்தோறும் எனக்கு வந்து சேர்ந்தது. அதைக் கவனித்துச் செலுத்தாதது என் தவறு. அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை."

அத்தான், நான் முன்பு எழுதிய இரண்டையும் வீட்டில் யாராவது படித்திருந்தால், பெரியவர்கள் காதுக்குப் போயிருந்தால், இந்த நகலை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அக்கா உங்களிடம் வேறு நம்பரைக் கொடுத்துப் பணத்தை வைத்துக்கொண்டாளோ என்று ஒரு நாள், ஒரு நிமிடம், நீங்கள் அவளைப் பார்த்துக் கேட்டிருந்தால் அது நான் கேட்க வைத்த கேள்வி. அவள் ஏழு மாதம் என் கையில் கொடுத்தபோது ஒரு தடவை கூட நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை.

அக்கா, மே மாதம் முழுதும் எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்தேன். கோபமாக இருக்கிறீர்கள் என்றால் அது நியாயம். ஆனால் கோபம்தானா, இல்லை வேறு ஏதாவதா என்று தெரியாமல்தான் பயப்படுகிறேன். நான் எழுதியதால் உங்களை அந்த வீட்டில் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டார்களோ, அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களோ என்று கண்டபடி தோன்றுகிறது. உங்கள் அம்மா வீட்டு முகவரி எனக்குத் தெரியாது, பத்திரிகையிலும் இல்லை.

உள்ளே என் முகவரி எழுதி, தபால் தலை ஒட்டி ஒரு உறை வைத்திருக்கிறேன். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். திட்டவும் வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். ஒரு வெறும் தாளை மடித்து உள்ளே போட்டு, உங்கள் கையாலேயே ஒட்டி அனுப்புங்கள். பின்பக்கம் அனுப்புநர் இடத்தில் உங்கள் எழுத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் போதும். நீங்கள் உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறீர்கள் என்று நான் அதைப் படித்துக்கொள்வேன்.

நீங்கள் இரண்டு பேரும் என்றைக்கும் சேர்ந்து, குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பூமாரி